தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: குழுவும் முதல் தொகுப்பும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2017 இறுதியில் சென்னையில் உருவான சுயாதீன இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை நடத்திய இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து இதைத் தொடங்கினர். கானா, பறை, ராக், ராப் நான்கையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்த 19 பேர் கொண்ட இக்குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. 'மகிழ்ச்சி' என்ற முதல் தொகுப்பு அதே ஆண்டில் வந்தது. குழுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடல் வரிகளின் அரசியலைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வரிகளின் முக்கியத்துவத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் இந்தத் தொகுப்பின் பெரிய காரியம் அது உருவான முறையில்தான் இருக்கிறது. சாவு வீட்டு வாசலிலும் ஊர்வலத்தின் முன்னாலும் பேரில்லாமல் நின்ற வாத்தியக்காரரை, கிதார்க்காரருக்குச் சமமாக, இசையை ஆக்குபவர்களில் ஒருவராக அது உட்கார வைத்தது.

தமிழகத்தில் ஒரு குழு முதல் தொகுப்பைக் கொண்டுவருவது ஏன் இவ்வளவு அரிதாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல பத்தாண்டுகளாக இங்கே பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. சபாவில் நடக்கும் கச்சேரி ஒரு முதன்மைக் கலைஞரையும் அவருக்குப் பக்கவாத்தியங்களையும் கொண்ட அமைப்பு. ஊர்த் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுக்கள் வாசித்ததும் சினிமாப் பாட்டைத்தான். சொந்தமாகப் பாட்டெழுதி, தாங்களே மெட்டமைத்து, ஒரே பெயரில் வெளியிடும் குழு என்ற வடிவம் சென்னையில் இருந்தாலும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிய கல்லூரி மேடைக் குழுக்களாகவே அது இருந்தது. டென்மாவும் பாடகர் கபேர் வாசுகியும் சேர்ந்த 'குரங்கன்' போன்ற தமிழ் முயற்சிகள் சிறு அரங்குகளுக்குள் நின்றன. அந்தப் பக்கம் கேரளத்தில் 'அவியல்' குழு 2008இலேயே மலையாள நாட்டார் பாடலையும் ராக்கையும் பிசைந்து முதல் தொகுப்பைத் தந்துவிட்டது. வங்கத்தில் 'மொஹினேர் கோராகுலி' 1970களிலேயே தன் மொழியில் ராக் பாடியது. தமிழில் தாமதமானதற்குக் காரணம் திறமைக்குறைவு அல்ல. சினிமா என்ற ஒரே வாசல் எல்லாரையும் உள்ளிழுத்துக்கொண்டது, உள்ளே போனவர்களில் பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் மட்டுமே பெயர் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் குழுவைச் சேர்த்த விதம் கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே நண்பர்களாக இருந்த நான்கு பேர் ஒரு அறையில் கூடிப் பழகிய குழு அல்ல இது. குரல் தேர்வு, வாத்தியத் தேர்வு நடத்தி, வடசென்னைக் கானாப் பாடகர்களையும், சாவுக்கு வாசிக்கும் சட்டி, கட்டமோளக் கலைஞர்களையும், பறையிசைப்பவர்களையும், ராப் பாடுபவர்களையும், ராக் பின்னணியில் வந்த கிதார், டிரம்ஸ் கலைஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு அப்படி வந்து சேர்ந்தவர். ஆண்களின் உலகமாகவே இருந்த கானாவில் பாடிவந்த இசைவாணி, தொடக்கக் குழுவின் ஒரே பெண். பின்னர் 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இந்தச் சேர்க்கை சொல்ல எளிது, இசையாக நடத்துவது கடினம். கிதாரின் சுருதி ஆணியைத் திருகினால் நிற்கும். பறை அப்படியல்ல. மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல், ஈரக்காற்று பட்டால் தளர்ந்து குரல் இறங்கிவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அனலில் காட்டிக் காய்ச்சினால்தான் மறுபடி 'கணீர்' என்று எழும். ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, மறுகையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் தோலின் வெவ்வேறு இடத்தில் விழும்போது கிடைக்கும் ஒலிகளே அதன் எழுத்துகள். குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடம் இந்த வாத்தியத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. கானாவின் நிலையும் அதுதான். துக்க வீட்டில் விடிய விடியப் பாடுபவர் கூட்டத்தின் அழுகையையும் ஆரவாரத்தையும் பார்த்து அடியை நீட்டுவார், குறைப்பார். நான்கு நிமிடப் பாட்டு என்ற அளவு அதற்கு அந்நியம். வளையாத ராக் டிரம்ஸ் கட்டத்துக்குள் இதை அடைக்காமல், டிரம்ஸைப் பறையின் அடிக்கு வளைந்துகொடுக்க வைப்பதுதான் இசைக்கோர்ப்பாளரின் வேலை. பறையைச் சும்மா ஒரு 'கிராமத்து வாசனைக்கு' இடையில் தூவும் சினிமா வழக்கத்திலிருந்து இந்தக் குழு பிரிகிற இடம் இதுவே. அடி முதலில் வருகிறது, கிதாரின் தொடர் அதன் மேல் ஏறுகிறது.

இது இசையே அல்ல, மெட்டுப் போட்ட பிரச்சாரம் என்ற குற்றச்சாட்டு முதல் நிகழ்ச்சியிலிருந்தே உண்டு. இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றி நேரடியாகப் பாடியவர்கள் மீது அது எழுவது இயல்பு. சில பாடல்களில் சொல்லவேண்டியது இசையை முந்திக்கொள்கிறது என்பதும் உண்மைதான்; கோஷத்தின் அழுத்தத்தில் மெட்டு தட்டையாகும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் குற்றச்சாட்டை வைப்பவர்கள் பக்திப் பாடலையோ தேசியப் பாடலையோ இந்த அளவுகோலால் அளப்பதில்லை. கானாவுக்குள் எப்போதும் ஒரு முறையீடு உண்டு: செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார், யார் அவரை ஏய்த்தார்கள் என்று பாடுவதே அதன் வேலை. இட ஒதுக்கீட்டுக்கு எதிரான வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து எள்ளலோடு மறுக்கிற பாட்டு, அந்த மரபின் நேரடி வாரிசு. பொருள் வெளியிலிருந்து வடிவத்தின் மேல் ஏற்றப்படவில்லை, அந்த வடிவம் முன்பே சுமந்துவந்த பொருள் அது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் வேறொன்று. 'மெட்ராஸ்', 'கபாலி' எடுத்த இயக்குநரின் ஆதரவில் நிற்கும் குழுவை எப்படிச் சுயாதீனம் என்பது? பணத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதிலில்லை. ஆனால் இந்தச் சொல்லின் சாரம், பாட்டு யாருடைய தேவைக்காகப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. இங்கே காட்சி இல்லை, கதாநாயகன் இல்லை, பாட்டை வெட்டிக் குறைக்கப் படத்தொகுப்பாளர் இல்லை. மேடையில் அத்தனை பேரும் ஒரே மாதிரியான கோட்டு சூட்டில் நின்றது அம்பேத்கரின் உடையை நினைவூட்டியதோடு, யார் முன்பாட்டு, யார் பக்கவாத்தியம் என்ற வரிசையையும் அழித்தது. இந்தச் சமநிலை எவ்வளவு எளிதில் குலையும் என்பதைப் பிற்கால நிகழ்வுகள் காட்டின. அறிவு எழுதிப் பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உள்ளிட்ட பலர் அதைக் கண்டித்தனர். குழுவாக நின்று பெற்ற பெயரைச் சந்தை தனியாகப் பிரிக்கும்போது முதலில் விடுபடுவது யார் என்பதற்கு அது சான்று. கூட்டு என்ற வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் அதுவே விளக்கம்.

குழுவின் பெயர் 'சாதியில்லாத் தமிழர்கள்' என்ற அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர், சாதி ஒடுக்கப்பட்ட தம் மக்கள் மேல் பின்னாளில் சுமத்தப்பட்டது, அவர்கள் அதற்கு முந்தியவர்கள் என்று வாதிட்டவர். 'எனக்குச் சாதி தெரியாது' என்று வசதியாகச் சொல்லிக்கொள்பவரின் நிலை அல்ல இது. சாதியற்றவர் என்று பெயர் வைத்துக்கொண்டு சாதியைப் பற்றியே ஓயாமல் பாடுவது முரண் என்பார்க்கு, மறுக்கப்படவேண்டியதைப் பெயர் சொல்லாமல் மறுக்க முடியாது என்பதே விடை. அப்படிப் பாடுவதற்கு விலையும் உண்டு. பெண்கள் நுழைவு குறித்த சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல் இசைவாணி பாடிய ஐயப்பன் பாடலுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் அவர்மீது காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன.

கானா வடசென்னையின் இசை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஆமத்தூர் போன்ற தென்மாவட்ட ஊருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பாட்டின் பேச்சுவழக்கு ஆமத்தூருடையதல்ல என்பது சரி. ஆனால் சாதியும் மேடையும் மோதிய கதை இந்த மண்ணுக்கு மிகப் பழையது. 1886இல் சிவகாசியில் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்த தியாகி விஸ்வநாத தாஸ், நாடக மேடையில் தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் குரலுக்குக் கூட்டம் திரண்டது. அவருடைய சாதியைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார். அரசை எதிர்த்துப் பாடியதற்குக் கைது, சாதிக்காக ஒதுக்கல் என இரண்டையும் ஒரே உடலில் தாங்கிய அவரை இந்தக் குழுவின் முன்னோடியாகக் கொள்வது பொருத்தமானது.

தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட குழு மேடையேறுவதற்கான தடை இன்னும் நுட்பமானது. ஊர்த் திருவிழா நாள்கள் பெரும்பாலும் மண்டகப்படிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்துக்கு உரியது. வரி வசூலித்து, மேடை போட்டு, ஆடல் பாடலுக்கோ மெல்லிசைக்கோ முன்பணம் கொடுப்பவர்களும் அவர்களே. பறையடிப்பவர் அதே விழாவில் கூலிக்கு வருவார், மேடை அவருக்கில்லை. மேடையின் உடைமையே சாதியால் பங்கு பிரிக்கப்பட்ட ஊரில், சாதியை எதிர்த்துப் பாடும் குழுவை அழைக்க எந்த மண்டகப்படி முன்வரும்? ஆகவே வடசென்னையின் பாட்டை அப்படியே இங்கு கொண்டுவருவதைவிட, அந்தக் குழு மேடையைத் தானே அமைத்துக்கொண்ட முறைதான் இங்கே பயன்படும். பள்ளி மைதானம், கட்டணமில்லாத கூட்டம், வாத்தியக்காரரும் பாடகரும் ஒரே வரிசை. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மறு ஆண்டு அது மதுரையிலும் கோவையிலும் நடந்தது. மதுரை மேடை விருதுநகரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.