சரக்கு: பொருளின் பெயரா, நிலையின் பெயரா?

சரக்கு என்ற சொல்லுக்கு அகராதிகள் வணிகப் பொருள், மருந்துக்கான மூலப்பொருள், மசாலாப் பொருள், உள்ளீடு எனப் பல பொருள்களைத் தருகின்றன. பண்டம், பொருள், சாமான் ஆகியவை அதே பொருள் குறிக்கும் வேறு சொற்களாக நிற்கின்றன. நிகண்டு மரபில் பழகிய நமக்கு இந்த வரிசை இயல்பாகத்தான் படும். வழக்கை வைத்துப் பார்த்தால் இது நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பொருள் இன்னது என்று சரக்கு சொல்வதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையே சொல்கிறது. கைமாறுவதற்காகக் காத்திருக்கும் எதுவும் சரக்கு. கைமாறி முடிந்ததும் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும்.

இதற்கு எளிய சான்று கடைத்தெருவிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் மளிகைக்காரர் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ ‘சரக்கு எடுக்க’ப் போவார். அவரிடம் அதே துவரம்பருப்பை வாங்க வரும் அம்மா ‘சாமான் வாங்க’ வந்திருப்பார். பருப்பு ஒன்றுதான், மூட்டை மாறிப் பொட்டலமானதுதான் வேறுபாடு. கடலை விளைவித்தவருக்கு அது காட்டில் இருக்கும்வரை கடலைதான். மண்டியில் இறக்கியதும் வியாபாரி ‘சரக்கு ஈரமா இருக்கே’ என்று விலையைக் குறைக்கிறார். விளைவித்தவர் வாயிலும் உண்பவர் வாயிலும் அரிதாக வரும் சொல் இடையில் நிற்பவர் வாயில் ஓயாமல் வருகிறது.

இடையில் நின்றவர்களின் வரலாற்றுக்கு அன்னவாசல் வட்டாரம் நல்ல களம். சித்தன்னவாசல் குகைக்கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததைக் கூறும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அன்னவாசலின் பெயர் அண்ணல்வாயில். பின்னர் அது ஒரு கூற்றத்தின், அதாவது நாட்டுப் பிரிவின், பெயர். அக்கூற்றத்தில்தான் இன்றைய நார்த்தாமலையில் தெலிங்ககுலகாலபுரம் என்ற வணிக நகரம் இருந்தது. நார்த்தாமலை என்பதே நகரத்தார் மலை என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. மேற்கே கொடும்பாளூரில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழு. அதே மணிக்கிராமத்தின் பெயரைத் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் காண்கிறோம்.

இவ்வட்டாரத்துக்குத் தெற்கே, சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு நம் வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. வணிகக் குழுக்கள் கூடிக் கோயிலுக்கு மகமை (வணிகத்தின்மேல் வைக்கும் கொடை) விதித்த ஆவணம் அது. உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, சந்தனம், அகில், பன்னீர், பட்டு, குதிரை, யானை எனப் பட்டியல் நீள்கிறது. உப்புக்கும் பட்டுக்கும் என்ன உறவு? வயலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இரண்டும் சுமையாகக் கட்டப்பட்டு வழியில் போகின்றன. சுமைக்கு இவ்வளவு என்று மகமை விழுகிறது. இயல்பால் ஒட்டாதவற்றை ஒரு குடைக்கீழ் நிறுத்தும் இந்தப் பார்வையே சரக்கு என்ற சொல்லின் பார்வை.

பழைய சொற்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். புறநானூறு முசிறித் துறையைப் பாடுமிடத்தில் மலை தந்ததும் கடல் தந்ததும் தாரம். அங்கே வந்த இடமும் அருமையும் முக்கியம். பட்டினப்பாலையில் புலிப்பொறி இடப்பட்டு முற்றத்தில் குவிந்து கிடப்பது பண்டம். அங்கே குவியலும் வளமும் முக்கியம். கூலம் தானியத்தோடு நின்றுவிட்டது. பண்டமும் பண்ணியமும் தின்பண்டப் பக்கம் சாய்ந்தன. சரக்கு மட்டும் எந்தப் பொருளோடும் ஒட்டாமல் வணிகத்தோடு ஒட்டிக்கொண்டது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் அதன் இனச்சொற்கள் இதே பொருளில் வழங்குகின்றன.

மருத்துவ வழக்கு இதற்கு விலக்கு என்று தோன்றலாம். நாட்டு மருந்துக் கடையில் ‘கடைச்சரக்கு’ என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி வகையறா. ஆனால் சித்த மருத்துவர் சுக்கை அப்படியே பயன்படுத்துவதில்லை. சுண்ணாம்பு பூசி, காயவைத்து, மேல்தோலைச் சுரண்டி எடுப்பார். அந்த வேலைக்குச் சரக்கு சுத்தி என்று பெயர். சுத்தி முடிந்து, இடித்துச் சலித்தபின் அது சூரணம், மருந்து. அதைச் சரக்கு என்று நோயாளியிடம் யாரும் கொடுப்பதில்லை. ஆக இங்கும் அது இடைநிலையின் பெயர்தான். ‘ஆளிடம் சரக்கு இருக்கிறது’ என்பதும் இவ்வழி வந்ததே; இன்னும் வெளியே எடுக்காத கையிருப்பைத்தான் அப்படிச் சொல்கிறோம். பெண்ணைச் சரக்கு என்னும் கொச்சை ஏன் இவ்வளவு இழிவாக ஒலிக்கிறது என்பதும் இதில் விளங்கும். அது அழகைப் பற்றிய சொல்லே அன்று. ஓர் ஆளை விலைபேசும் நிலையில் நிறுத்துகிறது.

உண்மையான சிக்கல் மதுவில்தான். இங்கே குடிப்பவரே ‘சரக்கு வாங்கி’ வருகிறார், குடித்து முடிக்கும்வரை அது சரக்காகவே இருக்கிறது. மூட்டைக்குள் இருப்பது என்ன என்று வெளியே சொல்லாத சொல் என்பதால் மதுவிலக்குக் காலக் கள்ளச்சந்தைக்கு இது வசதியாகப்பட்டது என்றும், விற்றவர் பேச்சு வாங்கியவர் வாயிலும் ஒட்டியது என்றும் கருதுகிறேன். இப்போது அரசுக் கடையில் வெளிப்படையாக விற்றாலும் பெயர் மாறவில்லை.

இந்தப் பின்னணியில் 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியைப் பார்க்கலாம். பழைய கலால் வரி உற்பத்தியின்மேல் விழுந்தது. புதியது வழங்கலின்மேல், அதாவது பொருள் கைமாறும் இடத்தில் விழுகிறது. பொருள் வரி, பண்ட வரி என்றெல்லாம் பெயர் வைக்காமல் சரக்கு என்றது வரியின் அடிப்படைக்கே பொருந்துகிறது. மலையாளமும் கன்னடமும் இதே சொல்லின் தம் வடிவங்களை எடுத்துக்கொண்டன. தெலுங்கு ‘வஸ்து’ பக்கம் போனது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுத் தெருவில் சரக்கு என்றதும் நினைவுக்கு வரும் மதுவுக்கு இந்தச் சரக்கு வரி கிடையாது. மனிதர் அருந்தும் மதுவை 101ஆவது அரசமைப்புத் திருத்தம் வெளியே நிறுத்திவிட்டது.

எனவே சரக்கு என்பதற்கு நேராகப் பண்டம், சாமான் என்று மட்டும் எழுதும் அகராதிப் பதிவு போதாது. ‘விற்பவர் நோக்கில்’ என்ற வழக்குக் குறிப்பு அங்கே வேண்டும். மது என்ற பொருளை அதிலிருந்து பிரித்து, வாங்குபவர் வழக்காகத் தனி எண்ணிட்டுத் தரவேண்டும்.