ஜபீராவும் முழங்கைக் கம்பியும்

'ஜபர' என்னும் அரபி வேர்ச்சொல்லிலிருந்து இரு கலைகள் பெயர் பெற்றன. ஒன்று அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ர் எனும் கணிதம்; மற்றொன்று முறிந்த எலும்பைப் பொருத்தும் கலை. ஸ்பானிய மொழியில் எலும்பு கட்டுபவருக்கே 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற பெயர் வழங்கிற்று. உளூவின் பாடத்தில் 'ஜபீரா'வின் மீது மஸ்ஹு செய்யும் சட்டத்தைக் கற்பிக்கும் நாம், அச்சொல்லுக்குப் பின்னுள்ள மருத்துவ மரபை எடுத்துரைப்பது அரிதே.

குர்துபாவை அடுத்த மதீனதுஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு கி.பி. 1013) யாத்த 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் ஒரு பிரிவு முழுவதும் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் உரியது. இப்னு ஸீனாவோ, முறிந்தவுடன் பத்தை வைத்துக் கட்டாது சில நாள்கள் பொறுக்குமாறு கூறினார். வீக்கத்தின் மீது இறுகும் கட்டுக்கு அவர் அஞ்சினார்.

அந்த அச்சத்தின் பொருள் குழந்தையின் முழங்கையில்தான் நன்கு விளங்கும். கையூன்றி விழும் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே, அது மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. கைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அதன் முன்னேதான் ஓடுகிறது. எலும்பு நழுவாதிருக்கக் கையை நன்கு மடக்கிக் கட்ட வேண்டும். வீங்கிய கையை அவ்வாறு மடக்கினாலோ குருதியோட்டம் தடைப்படும். தசைகள் மடிந்து, விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிடும் இக்கேட்டை 1881இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் வோல்க்மன் விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த இக்கட்டை அவிழ்த்தது ஒரு மெல்லிய கம்பி. மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்திய கம்பியை இம்முறிவுக்குப் பயன்படுத்திய விதத்தை 1948இல் ஸ்வென்சன் எழுதினார். இன்று மயக்கமருந்து கொடுத்து, எலும்பை இழுத்துப் பொருத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே தோல் வழியாக இரண்டு அல்லது மூன்று கம்பிகளைச் செலுத்துகின்றனர். தோலைக் கீறுவது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உட்புறமாகச் செலுத்தினால் அங்குள்ள நரம்பு காயப்படலாம் என்பதால் வெளிப்புற வழியையே பலர் விரும்புகின்றனர். மூன்று, நான்கு வாரங்களில் கம்பியை உருவிவிடுவர். எலும்பைக் கம்பியே பிடித்துக்கொள்வதால் கையை அதிகம் மடக்க வேண்டுவதில்லை. தமனிக்கு நெருக்கடியும் இல்லை.

செம்பரம்பாக்கம், பூந்தமல்லிப் பக்கங்களில் குழந்தை விழுந்ததும் 'புத்தூர் கட்டு' என்பதே பலருக்கு முதல் நினைவு. திருத்தணி, நகரி கடந்தால் அந்த ஆந்திரத்துப் புத்தூர் வந்துவிடும். நழுவாத எளிய முறிவுகள் பல கட்டினாலேயே கூடிவிடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு முற்றிலும் விலகிய முழங்கை வேறு வகை. எக்ஸ்ரே எடுக்காமல் அதை இனம்பிரிக்க எவராலும் இயலாது. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்து கேடு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்று ஹதீஸில் வந்திருப்பதையும், அதன்மீது ஃபுகஹாக்கள் ஈட்டுத்தொகைச் சட்டம் வகுத்ததையும் நம் பெற்றோர் எத்தனை பேர் அறிவர்?

கட்டு எவர் கட்டியதாயினும், விரல் நுனி வெளிறினாலோ, குளிர்ந்தாலோ, விரலை நீட்டிவிடும்போது குழந்தை அலறினாலோ, அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலை வரை பொறுத்தால் கை மீளாது போகலாம்.