அறுவடைத் தவணை: இஸ்லாமியச் சட்டத்தில் கடன் கொள்முதல்

விதையோ உரமோ துணியோ இன்று வாங்கி, விளைச்சல் வந்ததும் பணம் கட்டுவது வேளாண் சமூகங்களின் பழைய வழக்கம். இஸ்லாமியச் சட்டம் இதற்குத் தடை சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) ஒரு யூதரிடம் இரும்புக் கவசத்தை அடகு வைத்துத் தவணைக்கு உணவுப்பொருள் வாங்கியதை அவர் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார். இந்த ஹதீஸ் புகாரி தொகுப்பில் உள்ளது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

ரொக்க விலையைவிடக் கடன் விலை கூடுதலாக இருக்கலாம் என்பது நான்கு மத்ஹபுகளிலும் (சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பான்மைக் கருத்து. ஆனால் பேரம் முடியும்போதே ஒரே விலை உறுதியாகிவிட வேண்டும். தவணை தப்பியதற்காகப் பின்னர் ஏற்றும் தொகை வட்டி (ரிபா). கொடுக்க வழியில்லாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது 2:280.

கிராமத்துக்கே உரிய சிக்கல் வேறு: "அறுவடைக்குத் தருகிறேன்" என்பது ஒரு தவணையாகுமா? மழை பிந்தினால் அறுவடையும் பிந்தும். நாள் தெரியாத தவணை சச்சரவில் முடியும் என்பதால் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் சட்ட அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. இமாம் மாலிக் ஏற்கிறார். அந்த வட்டாரத்தில் வழக்கமாக அறுவடை மும்முரமாகும் காலமே தவணை என்கிறார். உழவரின் வாழ்க்கையை அறிந்த தீர்ப்பு இது. 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட, ஹனஃபி வழிப்பட்ட உஸ்மானியச் சட்டநூலான மஜல்லா, நவ்ரூஸ், காசிம் நாள் போன்ற இருதரப்பும் அறிந்த பருவ நாட்களைத் தவணையாக ஒப்புக்கொள்கிறது. "மழை பெய்யும்போது" என்பதை மறுக்கிறது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளே பரவலாக உள்ள தமிழ் முஸ்லிம்களிடையேயும் "அறுவடைக்கு" என்பதற்குப் பதில் "தை முப்பதுக்குள்" என்று நாள் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

தவணை தெளிவாக இருந்தாலும், கடையில் அரிசி வாங்கி, அதற்கு விலையாகப் பின்னர் சோளம் அளப்பதாகச் சொல்வது கூடாது. உணவுக்கு உணவு விற்கும்போது இரண்டும் அங்கேயே கைமாற வேண்டும். விலை பணமாக இருந்தால் இத்தடை இல்லை.

உழவருக்கு முன்பணம் தேவையெனில், பணத்தை முன்னே பெற்று விளைபொருளைப் பின்னர் தரும் ஸலம் எனும் விற்பனை உண்டு. நபிகளார் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் பேரீச்சைக்கு ஓரிரு ஆண்டு முன்பே பணம் கொடுத்து வந்தனர். அளவு, எடை, தவணை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் அதை அனுமதித்தார். பெரும்பான்மை மத்ஹபுகளின்படி முழுத்தொகையும் பேரம் நடக்கும் இடத்திலேயே உழவர் கையில் சேர வேண்டும்; குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் விளைச்சலை மட்டும் பேசி விற்கவும் கூடாது, அது பொய்த்துப்போகலாம்.