ஹம்மாமின் பளிங்குச் சுவர்கள்

இஸ்லாமிய நாகரிகம் தழைத்த நகரங்களில் பள்ளிவாசலுக்கும் கடைவீதிக்கும் அருகே ஹம்மாமும் இடம்பெற்றிருந்தது. தூய்மை தொழுகைக்கு முன்நிபந்தனையாதலால், நீரும் நீர் புழங்கும் இடமும் தனி மதிப்புப் பெற்றன. ஆயினும் முகலாயர் கட்டடக்கலையைப் பேசும் நாம் குவிமாடங்களையும் மினாராக்களையும் வியந்துவிட்டு, குளியற்கூடத்தின் சுவரைக் காணாமலே கடந்துவிடுகிறோம். அச்சுவர்களில் பதிக்கப்பட்ட பளிங்குப் பலகைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஷாஜஹான் 1639 முதல் 1648 வரை எழுப்பிய டில்லிச் செங்கோட்டையில் உள்ள ஹம்மாம் மூன்று முதன்மைக் கூடங்களைக் கொண்டது. மேற்கிலுள்ள கூடம் வெந்நீருக்கும் நீராவிக்கும் உரியது. கிழக்குக் கூடத்தில் நீரூற்றுத் தொட்டிகள் இருந்தன. தரையும், 'இஸாரா' எனப்படும் சுவரின் கீழ்ப்பகுதியும் வண்ணக்கற்கள் பதித்த வெண்பளிங்கால் மூடப்பட்டன. இது வெறும் ஆடம்பரமன்று. ஓயாத ஈரமும் வெப்பமும் சுண்ணச்சாந்துப் பூச்சைப் பழுதாக்கும். இழைத்து மெருகேற்றிய மக்ரானாப் பளிங்கோ நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கழுவினால் உடனே தூய்மையாகும்.

இப்பலகைகள் ஒரே அளவில் செய்து குவிக்கப்பட்டவை அல்ல. சற்றேறக்குறைய 81 செ.மீ. நீளமுள்ள 'கஸ்' என்னும் அளவுகோல் அக்காலக் கட்டுமானத்தில் வழங்கியது. தொட்டியின் விளிம்பு, சுவரின் மூலை, வாய்க்கால் திரும்பும் இடம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளவெடுத்துக் கல் அறுக்க வேண்டும். கொடி வேலைப்பாடு ஒரு பலகையில் முடியும் புள்ளியில் அடுத்த பலகையில் தொடங்க வேண்டும். பளிங்கில் வரைந்த கோலத்தை உளியால் குழித்து, பதக்ஷானின் லாஜவர்த் முதலான கற்களைக் குருந்தப்பொடி கொண்டு மெல்லிய இதழ்களாக அறுத்து, அக்குழிகளில் ஒட்டி மெருகேற்றுவது 'பர்ச்சீன் காரி' எனப்படும் கலை. அளவில் ஒரு நூலிழை பிசகினாலும் பூவின் இதழ் பொருந்தாது.

இக்கல்லைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. ஆம்பேர் அரசர் ஜெய்சிங்குக்கு ஷாஜஹான் விடுத்த ஃபர்மான்கள் இன்றும் உள்ளன. மக்ரானாவிலிருந்து ஆக்ராவுக்குப் பளிங்கு கொண்டுவர வண்டிகளை ஏற்பாடு செய்யுமாறு அவை பணிக்கின்றன. 1637ஆம் ஆண்டின் ஃபர்மான் ஒன்று, கல்தச்சர்களை வேறிடங்களில் நிறுத்திக்கொண்டதால் மக்ரானாவில் வேலை தடைப்படுவதைக் கண்டிக்கிறது. பேரரசரே தச்சர்களுக்காக எழுத வேண்டிய நிலை இருந்ததென்றால், அவர்கள் கைத்திறன் எத்துணை அரிதென்பது விளங்கும்.

இத்துணைப் பாடுபட்டுப் பொருத்திய கற்களுக்கு நேர்ந்தது என்ன? ஆக்ராக் கோட்டை 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. 1813 முதல் 1823 வரை ஆளுநர் தலைமையராக இருந்த ஹேஸ்டிங்ஸ், அங்கிருந்த மிகச் சிறந்த பளிங்குக் குளியலறையைப் பெயர்த்து, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கு அனுப்பினார் என்றும், எஞ்சிய பளிங்கைப் பெண்டிங்க் ஏலத்தில் விற்கச் செய்தார் என்றும் கம்பெனி அதிகாரி ஸ்லீமன் 1844இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நல்ல விலை கிடைத்திருந்தால் தாஜ்மஹாலும் இடிபட்டிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

இவ்விடத்தில் நாம் நிதானம் காக்க வேண்டும். பெண்டிங்க் தாஜ்மஹாலை விற்க முனைந்தார் என்னும் செய்திக்குச் சான்றில்லை என வரலாற்றாசிரியர் பெர்சிவல் ஸ்பியர் 1949இல் வாதிட்டார். ஆக்ராக் கோட்டைப் பளிங்கின் ஏலமே அக்கதைக்கு வித்திட்டதென ஆய்வாளர் கருதுவர். சான்றில்லாத கொடுமையைச் சேர்த்துச் சொல்வதால், சான்றுள்ள இழப்பின் மீதும் ஐயம் படரும். குளியலறையின் அழிவே போதிய துயரம்.

இதற்கு மாறான நிகழ்வு ஒன்றும் உண்டு. 1857க்குப் பின் டில்லி திவானே ஆமின் அரியணைச் சுவரிலிருந்து பதிப்புப் பலகைகளைக் கேப்டன் ஜோன்ஸ் என்பவர் பெயர்த்தெடுத்து, 500 பவுனுக்குப் பிரிட்டிஷ் அரசுக்கு விற்றார். அவை இலண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில் அவை மீட்கப்பட்டு, பழைய இடத்திலேயே பதிக்கப்பட்டன. பலகைகள் சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தன. அவற்றுக்குரிய சுவரும் நின்றிருந்தது. ஆதலால் அது இயன்றது. ஏலத்தில் பிரிந்துபோன கற்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

ஏலமிட்டவர்கள் பளிங்கைக் கல்லாகவே விலை மதித்தனர். ஒரு குறிப்பிட்ட சுவருக்கென அளந்து, பக்கத்துக் கல்லோடு இணைத்துச் செய்த பலகை, அவ்விடத்தை விட்டு நீங்கினால் வெறும் துண்டாகிவிடும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பேற்றிருக்கும் நாமும், ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அது எதனோடு இணைந்திருக்கிறது என்று பார்ப்பது கடமையாகும்.