பழைய பாய்லர்: ஒட்டுப் போடலாமா, மாற்றலாமா?

குக்கர் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்து ஆவி கசிந்தால் நாம் என்ன செய்கிறோம்? புது வளையம் வாங்கி மாட்டுகிறோம். மூடியிலுள்ள காப்புக் குமிழ் உருகிவிட்டால் அதையும் மாற்றுகிறோம். ஆனால் பாத்திரத்தின் அடி உப்பி, விளிம்பு நெளிந்துவிட்டால், பழுது பார்ப்பவரே "இதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவார். எதுவரை பழுது பார்க்கலாம், எப்போது முழுவதையும் கழிக்க வேண்டும் என்ற இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஆயிரக்கணக்கான உயிர்களும் அடங்கியுள்ளன.

வடக்கனந்தல் பகுதி மாணவர்களுக்குக் கொதிகலன், அதாவது பாய்லர், புதிய பொருள் அன்று. அடுத்துள்ள கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை எரித்தே சர்க்கரை ஆலைகள் நீராவி உண்டாக்குகின்றன. நெல் அவிக்கும் ஆலைகளில் உமி எரிகிறது. குளிர் நாடுகளிலோ பல பழைய வீடுகளின் நிலவறையில் ஒரு சிறு பாய்லர் இருந்து, குழாய்கள் வழியே அறைகளுக்கு நீராவி அனுப்பி வெப்பமூட்டுகிறது. இந்த மூன்று இடங்களிலும் ஒருநாள் ஒரே கேள்வி எழும்: இதை இன்னும் ஓட்டலாமா?

வெடிப்பது எது?

பாய்லரில் அபாயம் நீராவியில் இருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரிய அபாயம் அதிலுள்ள வெந்நீரில் பதுங்கியிருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அழுத்தம் அதைப்போல் 10 மடங்கானால், ஏறத்தாழ 180 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த நிலையில் கலத்தின் சுவர் பிளந்தால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடும். 180 டிகிரி நீர் 100 டிகிரிக்கு வந்தாக வேண்டும். மிகுதியான வெப்பம் நீரின் ஒரு பகுதியை ஆவியாக்கும். கணக்கிட்டால் இது ஏறத்தாழ 15 விழுக்காடு வரும். அதாவது ஒரு டன் நீரில் 150 கிலோ நீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, 250 கன மீட்டர் இடத்தை நிரப்பப் பாயும். கட்டடங்கள் இடிந்து விழுவது இதனால்தான்.

1803இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த பாய்லர் ஒன்று வெடித்து நால்வர் இறந்தனர். காப்பு வால்வு திறக்க முடியாதபடி கட்டப்பட்டிருந்தது. அதன்பின் டிரெவிதிக் இரண்டு காப்பு வால்வுகளைப் பொருத்தினார். நீர் குறைந்து தகடு சூடேறினால் உருகி வழிவிடும் ஈயத் தக்கை ஒன்றையும் சேர்த்தார். நம் குக்கரிலுள்ள காப்புக் குமிழ் இந்தத் தக்கையின் வாரிசே.

ஒட்டுப் போட்ட கப்பல்

1865 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் "சுல்தானா" என்ற நீராவிக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையான வீரர்களை ஏற்றிச் செல்ல அது விக்ஸ்பர்க் துறையில் நின்றது. நான்கு பாய்லர்களில் ஒன்று கசிந்தது. பார்த்த தொழிலாளி, தகடுகளை முறையாக மாற்ற வேண்டும் என்றார். அதற்குச் சில நாள் ஆகும். வீரர்களை ஏற்றிச் சென்றால் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும். காத்திருந்தால் அந்த வருமானம் வேறு கப்பலுக்குப் போய்விடும். ஆகவே ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். 376 பேருக்கான கப்பலில் 2,000க்கும் மேற்பட்டோர் ஏறினார்கள். ஏப்ரல் 27 அதிகாலையில் மெம்பிஸ் நகருக்கு அப்பால் பாய்லர்கள் வெடித்தன. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த ஒட்டு மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. மிகுந்த சுமையால் கப்பல் சாய்ந்து ஆடியதும், நீர்மட்டம் குறைந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆனால் ஒன்று தெளிவு. மாற்றுவதா, ஒட்டுவதா என்பதை அங்கே முடிவு செய்தது தகட்டின் நிலை அன்று, பணமும் அவசரமுமே.

கண்ணுக்குத் தெரியாத பிளவு

1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலை. புதிய பாய்லரைப் பராமரிப்புக்காக நிறுத்திவிட்டு, அவசரத்துக்கு வைத்திருந்த பழைய பாய்லரை மூட்டினார்கள். காலையில் அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் இறந்தனர். ஏறத்தாழ 150 பேர் காயமுற்றனர்.

அக்காலத்தில் தகட்டை வளைத்து, ஒரு விளிம்பின்மேல் மறு விளிம்பை ஏற்றி, ரிவெட் அடித்து உருளையாக்குவார்கள். அப்படிச் செய்த உருளை சரியான வட்டமாக இராது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் அது வட்டமாக முயலும். இணைப்பின் அருகே தகடு சற்றே வளையும். அழுத்தம் இறங்கினால் மீளும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, நாளடைவில் அங்கே நுண்ணிய பிளவு தோன்றும். இதை உலோகச் சோர்வு என்கிறோம். பிளவு இரு தகடுகளும் படிந்த இடத்துக்குள் மறைந்திருந்ததால், ஆய்வாளரின் கண்ணுக்கு அது எட்டவில்லை.

இந்த விபத்துக்குப்பின் 1907இல் மாசசூசெட்ஸ் கடுமையான சட்டம் இயற்றியது. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் புகழ்பெற்ற பாய்லர் விதித்தொகுப்பு 1915இல் வெளிவந்தது.

நம் நாட்டில்

1863இல் கல்கத்தாவில் நடந்த ஒரு வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு விதியாக இருந்த நிலையை 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் மாற்றியது. ஏறத்தாழ நூறாண்டு நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் இடத்தை 2025இல் புதிய கொதிகலன் சட்டம் பெற்றுள்ளது. சான்றிதழ் இன்றிப் பாய்லரை இயக்கக் கூடாது. முறையான ஒப்புதல் இன்றி அதன் உடலில் மாற்றம் செய்யக் கூடாது என்பவை அன்றும் இன்றும் அடிப்படை.

எப்படி முடிவு செய்வது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உருளைச் சுவரில் உண்டாகும் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10 கிலோ, ஆரம் 75 செ.மீ., தடிப்பு 1.5 செ.மீ. என்றால் தகைவு 500 கிலோ. எஃகு 4,000 கிலோ தாங்கும் எனக் கொண்டால், நமக்கு எட்டு மடங்கு காப்பு உண்டு. துரு அரித்துத் தடிப்பு 1 செ.மீ. ஆகிவிட்டால் தகைவு 750 ஆகும். காப்பு ஐந்து மடங்குக்குச் சற்றே மேல். வெளியே பூசிய வண்ணம் பளபளப்பாகவே இருக்கும்!

ஆகவே வயதையோ தோற்றத்தையோ நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். மீயொலி அலைகளைச் செலுத்தித் தடிப்பையும் உள்பிளவையும் இன்று அறியலாம். குளிர்ந்த நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. குளிர்ந்த நீர் அதிகம் சுருங்குவதில்லை. அதில் சேரும் ஆற்றல் சிறிது. எனவே கலம் பிளந்தாலும் வெடிக்காது, கசியும். நெடுநாள் ஓடிய பாய்லர்களுக்கு எஞ்சிய ஆயுளை மதிப்பிடும் முறையும் நம் விதிகளில் உண்டு.

அளவு தெரிந்தபின் வழிகள் மூன்று. குழாய், வால்வு போன்ற உறுப்புகள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாற்றலாம். தகடு சற்றே மெலிந்திருந்தால், குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாம். உடலிலேயே பிளவு பரவியிருந்தால் கழித்துவிடுவதே வழி. எரிபொருள் செலவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உயர் அழுத்தப் பாய்லர் வைத்த சர்க்கரை ஆலை, அதே சக்கையிலிருந்து மிகுதியான மின்சாரம் பெற முடியும்.

பழையது என்பதாலேயே எதையும் வெறுக்க வேண்டியதில்லை. நீலகிரி மலை ரயிலில் சுவிட்சர்லாந்து எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன. அவற்றுக்குத் துணையாக அதே வகையிலான புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை கட்டித் தந்தது. அங்கே நீராவி தொடர்கிறது. தேய்ந்த இரும்பு மட்டும் ஓய்வு பெறுகிறது.

நம் ஊர் ஆலையில் பாய்லருக்கு அருகே நிற்பவர் நம் உறவினராகவோ அண்டை வீட்டுக்காரராகவோ இருக்கலாம். "இந்த அரவைப் பருவம் மட்டும் ஓடட்டும்" என்று யாரேனும் சொன்னால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தகட்டின் தடிப்பை அளந்து பார்த்தீர்களா?