அன்னபூரணியும் சிறுகப்பற் கலையும்

புத்தூர் கடற்கரையூர் அன்று. செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த உள்ளூர். ஆயினும் கடல் அதற்கு அந்நியமானதன்று. அவ்வூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழத்து நீர் உவர்நீராகவும் இருப்பது பலரும் அறிந்ததே. நிலத்தின் அடியிற் போலவே அதன் வாழ்வின் அடியிலும் கடல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை பாய்க்கப்பல்களில் ஏறித் திருவிதாங்கூர் சென்றது. அக்கப்பல்கள் இல்லையேல் தோட்டக்காரனின் உழைப்பு சந்தையைக் கண்டிராது.

அக்கப்பல்களுட் பெரும்புகழ் பெற்றது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' ஆகும். இரு பாய்மரங்களையும், 89 அடி நீளத்தையும், 19 அடி அகலத்தையும் உடைய அதனை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என அழைத்தார். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவர் அவர். பாய்க்கப்பல்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றின்மீது தீராக் காதல் கொண்டவர். 1937 இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட அக்கப்பலை, தண்டையல் தம்பிப்பிள்ளை முதலிய வல்வெட்டித்துறைக் கடலோடிகள், அமெரிக்கக் கப்பல்தலைவர் ஒருவருடன் சேர்ந்து, சுயெஸ், யிப்ரோல்ற்றர், பேர்மியூடா வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்ட் முதலாந் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர்.

இப்பயணத்தைப் பெருமையோடு நினைவுகூர்வோர் பலர். ஆனால் அக்கப்பல் எவ்வாறு கட்டப்பட்டது என வினவுவோர் மிகச் சிலர். உண்மையில் வரலாற்றாசிரியனுக்கு உரிய வினா அதுவே.

கப்பல் சென்றடைந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பற் கட்டுநர் முதலில் மரத்தில் அரைமாதிரி ஒன்றைச் செதுக்கி, அதிலிருந்தே கப்பலின் அளவுகளை எடுத்தனர். கப்பல் அழிந்தபின்னும் அம்மாதிரி எஞ்சியது. நம் ஓடாவியின் வரைபடமோ அவன் கண்ணிலும் கையிலும் இருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மகன் வேறு தொழில் நாடியபோது அறிவின் தொடரும் அறுந்தது. போர்க்கால இடப்பெயர்வுகளும் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமையும் நம் எழுத்துச் சான்றுகளையுங் குறைத்துவிட்டன.

இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்ய வல்லது சிறுகப்பற் கலை. அது சிறுவர் விளையாட்டு எனக் கருதுவது தவறாகும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மொன்ட் பாரி தம் உலகப் பயணங்களில் ஆசிய மக்களின் கலங்களை அளந்து வரைந்தார். 1871 முதல் பாரிசின் லூவர் மாளிகையிலிருந்த கடல்சார் நூதனசாலையைப் பேணியபோது, அத்தகைய கலங்கள் பலவற்றுக்கு மாதிரிகளும் செய்வித்தார். கடலில் மறைந்த பல கலங்கள் இன்று அவ்வோவியங்களாலும் மாதிரிகளாலுமே அறியப்படுகின்றன.

அடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவில் அன்னபூரணியை அமைப்பின் அது 22 அங்குலத்துக்குச் சற்று மேற்படும். ஒரு மேசையில் அடங்கிவிடும். அம்மேசையைச் சுற்றி நண்பர் சிலர் அமர்ந்தால் உரையாடல் தானே வரலாற்று ஆய்வாக மாறும். ஏராவின் வளைவு எவ்வளவு? வங்குக்கு எந்த மரம்? பறுவான் எங்கே பொருத்தப்பட்டது? பலகைகளின் இடைவெளி எவ்வாறு அடைக்கப்பட்டது? எழுத்தாளன் 'கப்பல் சென்றது' என ஒரு வரியிற் கடந்துவிடலாம். மாதிரி அமைப்பவனுக்கு அச்சலுகை இல்லை. ஒரு கயிற்றின் முடிவிடம் தெரியாவிடினும் அவன் வேலை நின்றுவிடும். அங்ஙனம் நிற்கும்போது ஒருவர் பழைய புகைப்படத்தைத் தேடுவார்; மற்றொருவர் முதிய கடலோடியின் பிள்ளைகளை நாடுவார். அறியாமையை மறைக்கவொண்ணாத கலை அது. அதன் சிறப்பும் அதுவே.

புத்தூரிலிருந்து வல்வெட்டித்துறை நெடுந்தூரமன்று. தோட்டக்காரனின் பேரனும் தண்டையலின் பேரனும் ஒரு மேசையில் அமர்ந்து இருபத்திரண்டு அங்குலக் கப்பலொன்றை அமைப்பார்களாயின், பிரித்தெழுதப்பட்ட நிலத்தின் வரலாறும் கடலின் வரலாறும் அங்கே ஒன்றுசேரும். 'ஏரா', 'அணியம்', 'பறுவான்' என்னுஞ் சொற்களைப் பொருளறிந்து கூறுவோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் நம் தலைமுறையின் கடனாகும்.