பேறுகால ஓய்வும் நம் இல்லங்களும்

நிறைமாதச் சூலியாய் நடவு வயலில் குனிந்து நின்று, வலி கண்ட பின்னரே கரையேறிய தாய்மார்களின் வழிவந்தவர்கள் நாம். பேறுகால ஓய்வு என்பதை அவர்கள் அறிந்திலர். அவ்வோய்வு உரிமையான வரலாற்றில் அண்ணல் அம்பேத்கரின் பங்கினை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1928 சூலைத் திங்களில், ஆலைப் பெண் தொழிலாளர்க்கான மகப்பேற்று உதவி மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்தில் விவாதத்திற்கு வந்தது. பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் பெறும் ஓய்வு நாட்டின் நலனுக்கே உரியது என்று அண்ணல் வாதிட்டார். அம்மசோதா 1929இல் சட்டமாயிற்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, சுரங்கப் பெண்களுக்கான மகப்பேற்று உதவிச் சட்டத்திலும் திருத்தங்கள் கொணர்ந்தார். 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 12 வாரச் சம்பள விடுப்பு அளித்தது. முதலிரு மகப்பேறுகளுக்கு அது 2017இல் 26 வாரங்களாயிற்று.

ஆயினும், அன்றாடக் கூலிக்கு வயலுக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் நம் பெண்டிருக்கு அவ்விடுப்பு எட்டாக்கனியே. சட்டம் எட்டாத இடத்தில் குடும்பம் கைகொடுத்தல் வேண்டும். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் கணவன் தோளுக்கு மாறட்டும். அனைவரும் உண்டபின் எஞ்சியதை அவள் உண்ணும் வழக்கம் ஒழியட்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் குறித்த நாளில் பரிசோதனைக்கு உடன் செல்வோம். முகவீக்கமோ, ஓயாத தலைவலியோ, உதிரப்போக்கோ கண்டால், கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.

சட்டமன்றத்தில் அண்ணல் கேட்ட ஓய்வை, நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமே முதலில் அளிப்போமாக.